அடிக்கும் அடிக்கும் இடையே: மலையகத் தப்பொலியைச் சாம்பிளாக்குவதில் தெளிவும் தாக்கும்

கேள்வி

பழைய இசைத்தட்டு ஒன்றில் பாட்டும் பிற கருவிகளும் ஒதுங்கிக்கொள்ள, தாளக் கருவி மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகளை இசைக் கலைஞர்கள் ‘பிரேக்’ என்கிறார்கள். அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, புதிய பாட்டின் அடித்தளமாகத் திரும்பத் திரும்ப ஓடவிடும் உத்தி 1980களிலிருந்து உலக வெகுசன இசையின் போக்கையே மாற்றியிருக்கிறது. இவ்வாறு வெட்டி எடுத்த துண்டு, அதாவது சாம்பிள், புதிய பாட்டில் குரலுக்கும் பிற கருவிகளுக்கும் நடுவே மங்கிப்போகாமல் நிற்பதற்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று தெளிவு: ஒவ்வோர் அடியும் அடுத்த அடியோடு குழம்பாமல் தனித்துக் கேட்க வேண்டும். மற்றது தாக்கு: அடி விழும் கணம் காதில் மட்டுமன்றி நெஞ்சிலும் உறைக்க வேண்டும், ஒலிப்பதிவுக் கூடங்களில் ‘பஞ்ச்’ என்று சொல்வது இதைத்தான்.

இந்த இரண்டையும் பெறும் வழிகளைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் அந்த எழுத்து பெரும்பாலும் காலால் மிதிக்கும் பெரிய பேஸ் டிரம்மும், கையால் அடிக்கும் ஸ்நேரும், உலோகத் தட்டுகளும் கொண்ட மேலைநாட்டு டிரம் செட்டை மனத்தில் வைத்தே எழுந்தது. இலங்கையின் மத்திய மலைநாட்டில், தலவாக்கலையும் லிந்துலையும் அக்கரப்பத்தனையும் கொட்டகலையும் ஹட்டனும் சூழ்ந்த திம்புள்ளப் பகுதித் தோட்டங்களில் ஒலிக்கும் தப்பு அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது மன்மதன் கதையை நடிக்கும் காமன் கூத்திலும், கோயில் திருவிழாவிலும், மரண ஊர்வலத்திலும், ஒரு காலத்தில் பெரட்டு எனும் விடியற்காலை வேலைக்கூட்டத்திலும் ஒலித்த கருவி. அந்த ஒலியைக் கைபேசியில் பதிந்து, கணினியில் வெட்டி, பாட்டொன்றில் சேர்ப்பது இன்று எவருக்கும் எட்டக்கூடிய வேலை. டிரம் செட்டுக்காக உருவான வழிமுறைகள் தப்புக்கு எந்த அளவுக்குப் பொருந்தும், எங்கே அவை அதன் ஒலியையே அழிக்கும் என்பது இக்கட்டுரையின் கேள்வி. தப்பொலியின் தெளிவு பெருமளவு கருவி, தீ, தொலைவு ஆகியவற்றால் பதிவுக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்பதும், பதிவுக்குப் பின் செய்யக்கூடியதில் முதன்மையானது அடிகளுக்கு இடைப்பட்ட வெளியைக் காப்பது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

பிரேக் மரபும் அதைப் பற்றிய மூன்று விளக்கங்களும்

மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட பிரேக்குகளில் இரண்டு 1969ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. வாஷிங்டனைச் சேர்ந்த ‘த வின்ஸ்டன்ஸ்’ குழு அவ்வாண்டு வெளியிட்ட ‘கலர் ஹிம் ஃபாதர்’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் ‘அமென், பிரதர்’ என்ற வாத்தியப் பாட்டு இருந்தது. அதன் நடுவே கிரெகரி கோல்மன் தனியாக வாசித்த நான்கு தாளவட்டம், ஏழு நொடி கூட முழுதாக நீளாதது, பின்னாளில் ஜங்கிள் என்ற இங்கிலாந்து இசைவகை முழுவதற்கும் முதுகெலும்பாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் சின்சினாட்டியில் பதிவாகி 1970இல் வெளிவந்த ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் கிளைட் ஸ்டபுள்ஃபீல்ட் வாசித்த பகுதி ஹிப்-ஹொப்பில் எண்ணற்ற பாட்டுகளுக்குள் புகுந்தது. 1986 முதல் வெளிவந்த ‘அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்’ இசைத்தட்டு வரிசை இத்தகைய பகுதிகள் கொண்ட பாட்டுகளைத் தொகுத்துத் தந்தது.

இவை ஏன் இவ்வளவு தெளிவாகவும் தாக்கோடும் ஒலிக்கின்றன என்பதற்கு மூன்று விளக்கங்கள் வழக்கில் உள்ளன. முதல் விளக்கம் இயந்திரத்தைக் காரணமாக்குகிறது. 1987இல் வந்த ஈ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200 சாம்பிளர் ஒலியை 12 பிட் நுண்மையில், நொடிக்கு 26,040 முறை அளந்து சேமித்தது. அதில் அடங்கிய மொத்த நேரம் சுமார் 10 நொடி. இடம் போதாமையால் தயாரிப்பாளர்கள் 33 சுற்றில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிந்து, இயந்திரத்துக்குள் மீண்டும் வேகத்தைக் குறைத்தார்கள். அவ்வாறு குறைக்கும்போது கூரிய மேலொலிகள் மழுங்கி, இயந்திரத்தின் அளவீட்டுப் பிழைகள் ஒருவித மணற்கரகரப்பாகப் படிந்தன. அந்தக் கரகரப்பே தாக்கின் இரகசியம் என்று இவ்விளக்கம் கருதுகிறது. இரண்டாவது விளக்கம் கம்ப்ரஷனைக் காரணமாக்குகிறது. உரத்த பகுதியை அமுக்கி, மெல்லிய பகுதியை உயர்த்தி, மொத்தத்தையும் உரக்கச் செய்வதால் தாளம் முன்னே வருகிறது என்பது அதன் வாதம். மூன்றாவது விளக்கம் அடுக்குதலைக் காரணமாக்குகிறது: பழைய பிரேக்கின் அடியில், 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 போன்ற இயந்திரத்தின் கனத்த பேஸ் அடியை ஒட்டவைத்தால் மெலிந்த பழைய ஒலிக்கு உடல் கிடைக்கிறது.

மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் பதிவுக்குப் பின் நடப்பதையே பேசுகின்றன. கோல்மனின் டிரம் தோல் எவ்வளவு இறுக்கப்பட்டிருந்தது, மைக் எவ்வளவு நெருக்கமாக இருந்தது, கூடத்தில் எதிரொலி எவ்வளவு குறைவு, வாசித்தவரின் மணிக்கட்டு எவ்வளவு சீரானது என்பவை இந்த விளக்கங்களுக்கு வெளியே நிற்கின்றன. எஸ்பி-1200 மங்கலான பதிவு ஒன்றைத் தெளிவாக்கியதில்லை. ஏற்கெனவே தெளிவான பதிவுக்கு அது ஒரு நிறத்தைக் கொடுத்தது. டிரம் செட்டைப் பொறுத்தவரை, தேர்ந்த கூடங்களில் பதிவான ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகள் கையிலிருப்பதால் மூலத்தைப் பற்றிய கேள்வி எழாமல் இருக்கலாம். தப்புக்கு அப்படியொரு சேமிப்பு இல்லை. ஆகவே மூலத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

தப்பின் உடல்

தப்பு, வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்துப் போர்த்திய ஒருமுகக் கருவி. ஆழம் குறைந்தது, பின்புறம் திறந்தது. வாரை ஒரு தோளில் மாட்டி, சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையில் தடித்த குட்டையான அடிக்குச்சியும் மறுகையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சியும் கொண்டு வாசிப்பார்கள். அடிக்குச்சி தோலின் நடுப்பகுதியில் குத்தி எழும் கனத்த ஒலியும், சிண்டுக்குச்சி தோலின் மேல் தட்டையாகச் சொடுக்கி எழும் வெடிப்பொலியும் அதன் இரு துருவங்கள். இவற்றுக்கு நடுவே, குச்சி தோலில் அழுந்தி நிற்கும் அமுக்கொலி, சட்டத்தின் விளிம்பில் படும் அடி என்று கைப்பழக்கத்தைப் பொறுத்துப் பல நிலைகள் உண்டு.

ஒலியியல் நோக்கில் இக்கருவியின் மிக முக்கியமான பண்பு அதன் திறந்த பின்புறம். தோல் முன்னோக்கிப் புடைக்கும்போது முன்னே காற்று நெருங்குகிறது, பின்னே விரிகிறது. பின்னோக்கிக் குழியும்போது இது தலைகீழாகிறது. முன்னும் பின்னும் எழும் அலைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. நீண்ட அலைகளான தாழ்ந்த ஒலிகள் சட்டத்தைச் சுற்றி வளைந்து சென்று ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மூடிய உடல் கொண்ட பேஸ் டிரம்மும் தவிலும் இந்த இழப்புக்கு இவ்வளவு ஆளாவதில்லை. தப்பை மார்போடு அணைத்துப் பிடிக்கும்போது பின்னலை ஓரளவு தடுக்கப்படுவதால் வாசிப்பவரின் உடலும் கருவியின் ஒரு பகுதியாகிறது. அதே தப்பைக் கையில் தூக்கிப் பிடித்து ஆடிக்கொண்டே அடிக்கும்போது கனம் குறைவதற்கு இது ஒரு காரணம். தோலின் தளத்திலேயே, அதாவது சட்டத்தின் விளிம்புக்கு நேராக நிற்பவருக்கு முன்னலையும் பின்னலையும் சம தொலைவில் வந்து சேர்வதால் தாழ்ந்த ஒலி மிகவும் மெலிந்துபோகிறது. வாசிப்பவரின் பக்கவாட்டில் மைக்கை நிறுத்திப் பதிந்துவிட்டு, பின்னர் கணினியில் பேஸைத் தேடுவது பயனற்றது. அங்கே தேடுவதற்கே ஒன்றும் பதிவாகியிராது.

இன்னொரு பண்பும் கவனத்துக்குரியது. வட்டமான தோல் எழுப்பும் துணையொலிகள் தந்தியினுடையவைபோல 1, 2, 3 என்ற ஒழுங்கான விகிதத்தில் அமைவதில்லை. சீராக இழுத்த தோலுக்குக் கணக்கின்படி அவை 1, 1.59, 2.14, 2.30 என்று செல்கின்றன. மிருதங்கத்தின் கருஞ்சோறு இந்த ஒழுங்கின்மையைத் திருத்தி அதற்குச் சுருதி கொடுக்கிறது. தப்பில் அத்தகைய பூச்சு இல்லாததால் அதன் ஒலியில் சுருதி தெளிவற்றும் வெடிப்பு மிகுந்தும் இருக்கிறது. டிரம் செட்டில் கனத்த அடிக்கும் கூரிய அடிக்கும் தனித்தனிக் கருவிகள் இருப்பதால், அவற்றைப் பெரும்பாலும் அலைவரிசையைக் கொண்டே பிரித்துவிடலாம்: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் டிரம், 200 ஹெர்ட்ஸை ஒட்டி ஸ்நேரின் உடல், அதற்கு மேல் அதன் கூர்மை. தப்பிலோ இரு குச்சிகளும் ஒரே தோலில் விழுகின்றன. சிண்டின் அதிர்வு அடங்குமுன் அடிக்குச்சி அதே தோலைத் தாக்குகிறது. இவற்றை அலைவரிசையால் பிரிக்க முடியாது. பிரிக்கக்கூடிய ஒரே வழி காலம்: எந்த மில்லிநொடியில் எது தொடங்கியது, எது எப்போது அடங்கியது என்பது மட்டுமே.

ஈரம், தீ, மாசி

திம்புள்ளத் தேயிலை, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் முதல் 1,600 மீட்டர் வரையான சரிவுகளில் வளர்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் இந்த மேற்குச் சரிவுகளை விடாது நனைக்கின்றன. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறண்ட காற்று வீசும் காலத்தில்தான் இப்பகுதியின் புகழ்பெற்ற தரமான தேயிலை கிடைக்கிறது. காமன் கூத்து நிகழும் மாசி மாதம் அந்த வறண்ட பருவத்துக்குள் விழுகிறது. காமன் கம்பம் நட்டது முதல் மதன் எனப்படும் காமனின் தகனம் வரை நாள்கணக்கில் நீளும் அந்த நிகழ்வு முழுவதையும் தப்பே நடத்திச் செல்கிறது. ஆண்டிலேயே தோல் மிகக் காய்ந்து இறுகும் வாரங்களில் தப்புக்கு மிக நீண்ட வேலை அமைவது கருவியைப் பொறுத்தவரை பெரும் வாய்ப்பு.

தோலின் ஒலியுயரம் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஈரத்தால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஒலி ஏறத்தாழ இரண்டு சுரத்தானம் இறங்கிவிடும். ஆகவேதான் வாசிப்புக்கு முன் தப்பைத் தீயில் காட்டுவது தவிர்க்க முடியாத சடங்காக இருக்கிறது. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளான மிலாறோ காய்ந்த புல்லோ காகிதமோ, கிடைத்ததை எரித்து, தோலைச் சுடரின் மேல் சற்று உயரத்தில் பிடித்துச் சுழற்றி, இடையிடையே விரலால் சுண்டிப் பார்த்து, ஒலி ‘ணங்’கென்று எழும்வரை காய்ச்சுகிறார்கள். மூடுபனி இறங்கும் இரவில் அந்த இறுக்கம் நீடிப்பதில்லை. தோல் மெல்ல ஈரத்தை உறிஞ்சித் தளர, வாசிப்பவர் மறுபடியும் தீயருகே செல்கிறார்.

சாம்பிள் எடுப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் விளைவு நேரடியானது. ஓர் இரவின் பதிவு முழுவதும் ஒரே கருவியின் ஒலியாகக் கருதத்தக்கதன்று. காய்ச்சிய சில நிமிடங்களுக்குள் பதிவான பகுதியில் அடி குறுகியது, கூரியது. தளர்ந்த பின் பதிவான பகுதியில் அது நீண்டது, குழைந்தது. முன்னதிலிருந்து ஒரு துண்டும் பின்னதிலிருந்து ஒரு துண்டும் எடுத்து ஒட்டினால், தாளக்கணக்கு சரியாக இருந்தும் காது அதை இரு கருவிகளாகவே கேட்கும். கணினியில் ஒன்றின் சுருதியை உயர்த்தி மற்றதோடு இணைக்கலாம் என்றாலும், தளர்ந்த தோலின் நீண்ட வால் அதனால் இறுகுவதில்லை. தீ செய்யும் வேலையை எந்த மென்பொருளும் பின்னோக்கிச் செய்து தருவதில்லை என்பதால், மைக்கை எங்கே வைப்பது என்பதற்கு முன், தீ எப்போது மூட்டப்பட்டது என்று கேட்பதே முறை.

பெரட்டுக் களமும் பதிவுக் கருவியும்

தோட்டங்களில் தப்புக்கு நெடுங்காலம் இருந்த இன்னொரு பணி தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்புவது. ஆள்களை வரிசைப்படுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அந்த விடியற்காலைக் கூட்டத்துக்கு, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் மேட்டு லயம் முதல் பணிய லயம் வரை ஒலி எட்ட வேண்டியிருந்தது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்தில் தோட்டத்தின் நாள் தப்பொலியோடு புலர்வதை வாசகர் அறிவர். அந்த ஒலி அவ்வளவு தூரம் சென்றதற்குக் கருவியின் வெடிப்பு ஒரு காரணமென்றால், பள்ளத்தாக்கின் காற்று இன்னொரு காரணம். காற்றில்லாத தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகச் செல்வதால், மேல்நோக்கிப் போக வேண்டிய அலை வளைந்து மறுபடி தரையை நோக்கித் திரும்புகிறது. வெயில் ஏறியபின் இது தலைகீழாகி, ஒலி வானை நோக்கி வளைந்து சிதறுகிறது. ஓர் அதிகாரத்தின் கட்டளையை மலைச்சரிவெங்கும் கொண்டுசென்ற அந்த ஒலி, இயற்கையாலேயே பெருக்கப்பட்டது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே தோலை ஒரே கைகள் அடித்தும், விடியலில் அது வேலைக்கு விரட்டும் ஒலியாகவும் மாசி இரவில் மக்கள் தமக்கெனக் கொண்டாடும் ஒலியாகவும் இருந்தது. அதைச் சாம்பிளாக்குபவர் எந்த ஒலியை எடுக்கிறார் என்பதை உணர்ந்தே எடுக்க வேண்டும்.

தொலைவில் கேட்க அழகாயிருக்கும் அந்த ஒலி, தொலைவிலிருந்து பதிந்தால் சாம்பிளுக்கு உதவாது. நேராக வரும் ஒலியோடு லயத்துச் சுவரிலும் தகரக் கூரையிலும் எதிர்ச்சரிவிலும் பட்டுத் திரும்பும் ஒலிகள் கலந்து, அடியின் முதற்கணத்தைப் பூசி மறைத்துவிடுகின்றன. பிற்பாடு எதிரொலியைச் சேர்ப்பது எளிது. சேர்ந்துவிட்டதை நீக்குவது பெரும்பாலும் கைகூடாது. தோலுக்கு நேர் முன்னே ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் நிற்கும் ஒற்றை மைக், பல மைக்குகளைவிடத் தெளிவான விளைவைத் தரும். ஒரே தப்பை இரு மைக்குகளால் பதியும்போது ஒன்று மற்றதைவிட ஒரு மீட்டர் தள்ளியிருந்தால், ஒலி அதற்கு ஏறத்தாழ 3 மில்லிநொடி தாமதமாகச் சேர்கிறது. இரண்டையும் கூட்டும்போது 170 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி அழிந்துபோகும். இறுக்கிய தப்பின் உடல் பெரும்பாலும் இருப்பது இந்த வட்டாரத்தில்தான். பலர் மெலிந்த ஒலியைக் கண்டு பேஸைக் கூட்டி ஏமாறுவது இங்கேதான். கணினித் திரையில் இரு அலைகளின் முதல் முகட்டையும் ஒரே கோட்டில் நகர்த்தி வைத்தால், எதையும் கூட்டாமலே உடல் திரும்பிவருகிறது.

நடைமுறையில் தோட்டங்களில் பதிவாவது பெரும்பாலும் கைபேசியில். கைபேசியின் மைக் பேச்சுக்காக அமைந்தது. உரத்த அடி விழுந்ததும் உள்ளிருக்கும் தானியங்கி அளவுக்கட்டுப்பாடு ஒலியைத் தாழ்த்தி, பின்னர் மெல்ல உயர்த்துகிறது. அப்போது அடுத்து வரும் சிண்டின் மெல்லிய சொடுக்கு விழுங்கப்பட்டு, அதற்குப் பதிலாகக் கூட்டத்தின் இரைச்சல் எழும்புகிறது. இதற்குமேல், பதிவைச் செயலிகளில் அனுப்பும்போது மீண்டும் சுருக்கப்படுகிறது. எம்பி3 போன்ற சுருக்கமுறைகள் ஒலியைச் சிறு கட்டங்களாக வெட்டி, காதுக்குத் தேவையற்றது என்று கணித்ததை நீக்குகின்றன. எம்பி3இல் அத்தகைய நீண்ட கட்டம் ஒன்று 576 அளவீடுகளைக் கொண்டது. நொடிக்கு 44,100 அளவீடுகள் என்ற கணக்கில் இது 13 மில்லிநொடி. அடி இக்கட்டத்தின் நடுவே விழுந்தால், சுருக்கத்தால் எழும் பிழையொலி கட்டம் முழுவதும் பரவி, அடிக்கு முன்பாகவே ஒரு மெல்லிய இரைச்சலாகக் கேட்கிறது. இதைத் தவிர்க்கக் குறுகிய கட்டங்களுக்கு மாறும் ஏற்பாடு அம்முறையில் உண்டென்றாலும், குறைந்த தரத்தில் சுருக்கும்போது அது போதுவதில்லை. தப்பின் தாக்கு முழுவதும் அடங்கியிருப்பது இந்த முதற் சில மில்லிநொடிகளில் என்பதால், சுருக்காத வேவ் கோப்பாகப் பதியும் செயலியைப் பயன்படுத்தி, கோப்பைக் கேபிள் வழியாகவே கணினிக்கு மாற்றுவது, பின்னர் செய்யும் எந்தத் திருத்தத்தைவிடவும் பெரிய பலனைத் தரும்.

வெட்டும் மேசையில்

நல்ல பதிவு கையில் வந்தபின் எஞ்சும் வேலை பெரும்பாலும் காலத்தைப் பற்றியது. நிமிடத்துக்கு 140 அடி என்ற வேகத்தில் ஓர் அடியின் கால்பங்கு 107 மில்லிநொடி. உரத்த ஓர் ஒலி நின்றபின்னும் 100 மில்லிநொடிக்கு மேல், அதைத் தொடரும் மெல்லிய ஒலியைக் காது முழுமையாகக் கேட்பதில்லை என்பது செவிப்புலவியலில் நன்கு நிறுவப்பட்டது. ஆகவே அடிக்குச்சியின் கனத்த அடியும் அதன் வாலும் அடுத்த கால்பங்கில் விழும் சிண்டை மூடிவிடுகின்றன. சிண்டு கேட்கவில்லை என்பதற்காக அதை உயர்த்துவது வழக்கமான மருந்து. அது அடுத்த கனத்த அடியை மூடத் தொடங்குகிறது, பின்னர் அதையும் உயர்த்த வேண்டியிருக்கிறது, இறுதியில் எல்லாம் உரத்து எதுவும் தெளிவற்றுப் போகிறது. சரியான மருந்து வாலைக் குறைப்பது. பதிவை அடிஅடியாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவையும் சற்று முன்னதாகவே மெல்ல அடங்கச் செய்தால், அடிகளின் அளவைத் தொடாமலே இடைவெளி திறக்கிறது. 1994இல் வந்த ரிசைக்கிள் மென்பொருளிலிருந்து இவ்வாறு வெட்டுவது எளிதாகிவிட்டது. இன்று பெரும்பாலான இசை மென்பொருள்களில் அது உண்டு. வெட்டும் கோடு அடியின் முதல் முகட்டுக்குச் சற்று முன்னால், அலை சுழியைக் கடக்கும் புள்ளியில் விழ வேண்டும். முகட்டின் மேலேயே வெட்டினால் அடியின் முனை மழுங்கும், அல்லது ‘டிக்’கென்ற வேற்றொலி பிறக்கும்.

கம்ப்ரஷன் பற்றிய வழக்கமான அறிவுரையில் திருத்தம் தேவைப்படுவதும் இங்கேதான். அடி விழுந்தபின் எவ்வளவு நேரம் கழித்து அமுக்கத் தொடங்குவது என்பதை ‘அட்டாக்’ என்றும், எவ்வளவு நேரத்தில் விட்டுவிடுவது என்பதை ‘ரிலீஸ்’ என்றும் கருவியில் குறித்திருப்பார்கள். அட்டாக்கை 1 மில்லிநொடிக்குக் கீழே வைத்தால் அடியின் முனையே நசுங்குகிறது. 10 முதல் 30 மில்லிநொடி வரை விட்டுக்கொடுத்தால் முனை தப்பி, உடல் மட்டும் அமுங்குவதால் தாக்கு கூடியதாகக் கேட்கிறது. டிரம் செட்டுக்கு இது போதும். தப்பிலோ ரிலீஸே முக்கியமானது: அமுக்கம் 107 மில்லிநொடிக்குள் முழுமையாக விலகாவிட்டால், கனத்த அடியால் தூண்டப்பட்ட அமுக்கம் அடுத்த சிண்டின் மேலும் விழுந்து, கைபேசியின் தானியங்கிக் கட்டுப்பாடு செய்த அதே தவற்றை இரண்டாம் முறை செய்கிறது. ஆகையால் ரிலீஸைப் பாட்டின் வேகத்திலிருந்து கணக்கிட்டே வைக்க வேண்டும். கம்ப்ரஷன் செய்யாத மூலத்தைத் தனித்தடத்தில் முன்னே நிறுத்தி, கடுமையாக அமுக்கிய நகல் ஒன்றை அதனடியில் மெல்லக் கலப்பது இன்னும் பாதுகாப்பான வழி. முனை மூலத்திலிருந்தும், நிறைவு நகலிலிருந்தும் கிடைக்கின்றன.

ஈக்யூ, அதாவது அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி, இங்கு குறைப்பதற்கே அதிகம் பயன்பட வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே திறந்தவெளிப் பதிவில் இருப்பது பெரும்பாலும் காற்றின் உறுமலும் கால்மிதியும்தான். அதை வெட்டிவிட்டால் தப்பு எதையும் இழப்பதில்லை. 300 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை தேங்கும் பெட்டிக்குள் அடித்தாற்போன்ற ஒலியைச் சிறிது குறைத்தாலே மேலுள்ள வெடிப்பு தானாக முன்வருகிறது. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை உயர்த்துவது கவர்ச்சியானது. ஆனால் குரலின் மெய்யெழுத்துகள் உறைப்பதும் அங்கேதான் என்பதால், பாட்டில் தமிழ்ச் சொற்கள் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் அங்கே கஞ்சத்தனமே நல்லது.

உரப்பு பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. ஸ்பொட்டிஃபை, யூடியூப் முதலிய சேவைகள் தம்மிடம் வரும் உரத்த பாட்டுகளை ஏறத்தாழ -14 லஃப்ஸ் என்ற சராசரி உரப்புக்குத் தாழ்த்துகின்றன. நசுக்கி உரப்பேற்றிய தப்பு அங்கே மற்றவற்றைவிட உரத்துக் கேட்பதில்லை. முனை இழந்து தட்டையாக மட்டும் கேட்கிறது.

கனம் சேர்ப்பது பற்றிய சர்ச்சை

தப்பின் அடியில் இயந்திரப் பேஸை அடுக்குவது குறித்து எதிரெதிரான இரு நிலைப்பாடுகளை எடுக்கலாம். விழா மேடையிலும் வாகனத்திலும் பெரிய ஸ்பீக்கர்களில் ஒலிக்கும் இன்றைய பாட்டில் 60 ஹெர்ட்ஸ் வெறுமையாக இருக்க முடியாது. தப்பு அதைத் தராதபோது வேறொன்று தந்தே ஆகவேண்டும் என்பது ஒன்று. அவ்வாறு செய்தால் தப்பு, பேஸ் டிரம்மின் மேல் ஒட்டிய அலங்காரச் சத்தமாகச் சுருங்கிவிடும் என்பது மற்றது.

இதற்குச் சான்றாக நோக்கத்தக்கது ஈழத்தமிழ்க் கலைஞர் எம்.ஐ.ஏ.வின் 2007ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘கலா’. அதன் சில பகுதிகள் சென்னையில் பதிவானவை. அதிலுள்ள ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற பாட்டு, 2003இல் வந்த ‘ஜெயம்’ படத்துக்கு ஆர். பி. பட்நாயக் இசையமைத்த திருவிழாப் பாட்டொன்றின் பகுதியை எடுத்தாள்கிறது. உறுமியின் ஒலியே அதன் உயிர். அப்பாட்டில் தாளக் கருவிகள் நெருக்கமாகவும் கரடுமுரடாகவும் முன்னே நிறுத்தப்பட்டிருக்கின்றன; குரல் அவற்றுக்குள் இடம் தேடிப் போக வேண்டியிருக்கிறது. தமிழ்த் தோற்கருவியை மேலைத் தாளத்துக்கு ஒப்பனையாக்காமல் அதையே தாளமாக்கினாலும் உலகச் சந்தையில் பாட்டு நிற்கும் என்பதற்கு அது போதிய ஆதாரம். ஆயினும் உறுமி இருமுகக் கருவி. தோலை உராய்ந்து எழும் அதன் தாழ்ந்த முனகல் தப்பிடம் இல்லை. ஆகவே அந்த முன்மாதிரியை அப்படியே தப்புக்குப் பெயர்த்துவிட முடியாது.

இரு நிலைப்பாடுகளையும் எடைபோடும்போது, பேஸைச் சேர்ப்பதைவிட அதை எங்கே சேர்ப்பது என்பதே தீர்மானமானது என்று கொள்ள இடமிருக்கிறது. ஒவ்வோர் அடிக்குச்சி அடியின் கீழும் பேஸை ஒட்டினால் இரு ஒலிகளும் ஒரே கணத்தில் தொடங்கப் போட்டியிடுகின்றன. சில மில்லிநொடி பிசகினாலும் இரண்டின் முனைகளும் ஒன்றையொன்று மழுக்குகின்றன. மாறாக, தாளவட்டத்தின் தொடக்கத்தில் மட்டும், தப்பு அமைதியாக இருக்கும் இடங்களில் பேஸை ஒலிக்கவிட்டால் அது தப்போடு உரையாடும் இரண்டாவது கருவியாகிறது. தப்புக்குழுவிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது: பலர் சேர்ந்து அடிக்கும்போது எல்லோரும் ஒன்றையே அடிப்பதில்லை, சிலர் அடித்தளத்தைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் அதன் மேல் பேசுகிறார். பலரின் அடி ஒரே நேரத்தில் விழும் இடத்திலும் அவை மில்லிநொடிக் கணக்கில் முன்பின்னாகவே விழுகின்றன. காது அதைப் பெரிய ஒற்றை அடியாகக் கேட்கிறது. அந்தப் பிசகைக் கணினியின் கட்டத்துக்குள் இழுத்துச் சமன்செய்தால் குழு மறைந்து, ஒற்றைத் தப்பின் உரத்த நகல் மட்டும் எஞ்சும். துல்லியமாக்குவது தெளிவாக்குவதாகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

அடித்தவரின் உரிமை

‘அமென், பிரதர்’ பிரேக்கை வாசித்த கோல்மன் 2006இல் வறுமையில் இறந்தார். அந்த ஏழு நொடிக்காக அவருக்கு எதுவும் வந்து சேரவில்லை. 2017இல் மறைந்த ஸ்டபுள்ஃபீல்டின் கதையும் பெரிதும் வேறுபட்டதன்று. ஒலித்துண்டு எவ்வளவு தெளிவாக இருந்ததோ அவ்வளவு தூரம் அது பயணித்தது. வாசித்தவரின் பெயர் அதோடு பயணிக்கவில்லை.

மலையகத்தில் இந்தப் பிரச்சினைக்குச் சாதியின் முகமும் உண்டு. தப்படிப்பது குறிப்பிட்ட சாதியினர் மேல் சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. பெரட்டுக்கும் சாவுக்கும் அவர்களே அழைக்கப்பட்டார்கள், ஒலி வேண்டப்பட்டபோதே அதை எழுப்பியவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். தமிழகத்தில் தப்பையொத்த பறையை இழிவின் அடையாளத்திலிருந்து மீட்டு, தலைநிமிரும் கலையாக ஆக்கிய குழுக்களைப் பற்றி இசையியலாளர் ஸோயி ஷெரினியன் 2011இல் எடுத்த ஆவணப்படம் அந்த மாற்றத்தின் கடினத்தைக் காட்டுகிறது. 2023இல் மலையக மக்கள் தம் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த காலத்துக்குப் பின், தப்பொலியைப் பெயரற்ற ‘நாட்டுப்புறச் சத்தம்’ என்ற தலைப்பில் சாம்பிள் தொகுப்பொன்றுக்குள் இடுவது பழைய ஒதுக்கலைப் புதிய கருவியால் தொடர்வதாகும்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் நிகழ்த்துகலைஞரின் உரிமைகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. நடைமுறையில் அந்த உரிமையைக் கோருவதற்கு முதலில் தேவைப்படுவது, யார், எப்போது, எங்கே அடித்தார் என்ற பதிவு. வேவ் கோப்புக்குள்ளேயே பெயர், தோட்டம், நாள், இசைவு ஆகியவற்றை எழுதிவைக்க இடம் உண்டு. வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் மூலக்கோப்பின் பெயரையே முன்னொட்டாக வைத்துக்கொள்ளவும் முடியும். வெட்டாத, ஈக்யூவோ கம்ப்ரஷனோ படாத மூலக்கோப்பின் நகல் ஒன்று அடித்தவரிடமே இருந்தால், பின்னர் வேறொருவர் அந்தத் துண்டை எவ்வளவு உருமாற்றிப் பயன்படுத்தினாலும் முதல் முகட்டின் வடிவத்தையும் அடிகளுக்கு இடைப்பட்ட காலத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுக் காட்டலாம்.